முறிந்த கால் காத்த லிஸ்ரர் பிரபு

இலக்கணம் கற்பிப்போர் எப்பொருளையும் இரண்டாகவேனும் மூன்றாகவேனும் வகுத்துக்கொண்டே தொடங்குவர். அப்பழக்கம் என்னையும் விட்டபாடில்லை. ஆதலின், எலும்பு முறிவு இருவகைப்படும் என்று தொடங்குகின்றேன். எலும்பு உள்ளே முறிந்திருக்கவும் மேலேயுள்ள தோல் கிழியாதிருப்பது ஒருவகை. முறிந்த எலும்பின் முனை தசையையும் தோலையும் துளைத்து வெளிப்படுவது, அல்லது வெளியிலிருந்து விழுந்த அடி தோலைப் பிளந்து முறிவு வரைக்கும் வழி திறந்துவிடுவது மற்றொருவகை. முன்னையதை மூடிய முறிவு என்றும் பின்னையதைத் திறந்த முறிவு என்றும் வைத்துக்கொள்வோம். மூடிய முறிவை எமது ஊர் முறிவு நெரிவு வைத்தியரும் தலைமுறை தலைமுறையாக மட்டை வைத்துப் புக்கை கட்டி மாற்றி வந்துள்ளனர். மேலைநாட்டிலும் அது அவ்வளவு அச்சந்தருவதொன்றாய் இருந்ததில்லை. திறந்த முறிவோ வேறு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும், ஐரோப்பாவின் பெரிய ஆஸ்பத்திரிகளிற்கூட, காலிலே திறந்த முறிவுற்று வந்த ஒருவருக்குப் பெரும்பாலும் செய்யப்பட்டது அந்தக் காலை வெட்டி நீக்குதலே. வெட்டாது விட்டால் புண் அழுகி ஆள் மடிவான். வெட்டினாலும், வெட்டிய இடம் அழுகிப் பலர் மடிந்தனர்.

இந்நிலையை மாற்றியவர் யோசேப்பு லிஸ்ரர். எமது கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியராய் விளங்குவோர் பலர். அவர்களுக்கு இஃது அறிந்த கதை. தமிழாசிரியன் ஒருவன் சத்திரவைத்தியம் பேசப் புகுந்த துணிவை அவர்கள் பொறுத்தருள்வாராக. நான் எழுதுவது பெரிதும் இன்றைய மாணவரை நோக்கியே.

லிஸ்ரர் 1827ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 5ஆந் திகதி, இலண்டனுக்கு அணித்தாகிய உப்ரன் என்னும் ஊரிலே பிறந்தார். குடும்பத்தினர் குவேக்கர் என்னும் சமயப் பிரிவினர். எளிய உடையும் குறைந்த பேச்சும் உடையோர். தந்தையார் வைன் வியாபாரம் செய்தவர். ஆனால் அவருடைய உள்ளம் வியாபாரத்திலன்றி நுணுக்குக்காட்டியின் கண்ணாடி வில்லைகளிலேயே தோய்ந்திருந்தது. அக்காலத்து நுணுக்குக்காட்டிகளிலே உருவத்தைச் சுற்றி நிறங்கள் மயங்கித் தோன்றும். அக்குறையை நீக்கும் வழியை அவர் கண்டார். பள்ளிப்படிப்பை இளமையிலேயே விட்ட ஒருவர் அதனாலேயே றோயல் சங்கத்தின் அங்கத்தவராகவும் ஆயினார். கண்ணுக்குத் தெரியாத உலகம் ஒன்று உண்டென்பதை மைந்தர் நூலிற் கற்கவில்லை; வீட்டு மேசையிலே கண்டார். பிற்காலத்தில் ஏனைய சத்திரவைத்தியர் நகைத்து ஒதுக்கிய ஒரு செய்தியை அவர் மட்டும் உடனே பற்றிக்கொண்டதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் ஆகிய இரு பழைய சர்வகலாசாலைகளும் ஆங்கிலத் திருச்சபையைச் சாராதோருக்கு அக்காலத்திற் பட்டம் வழங்கவில்லை. ஆதலின் லிஸ்ரர் இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியிற் சேர்ந்தார். 1846ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆந் திகதி, அக்கல்லூரியைச் சார்ந்த ஆஸ்பத்திரியிலே றொபேட் லிஸ்ரன் என்பார் ஈதர் கொடுத்து ஒருவரை மயக்கி அவருடைய காலை நீக்கினார். மாணவராய் இருந்த லிஸ்ரரும் அங்கு நின்றார் என்பர். நோவின்றி அறுக்கலாம் என்றாயிற்று. ஆயினும் அதனால் விளைந்த தீமையும் ஒன்றுண்டு. முன்பு அஞ்சி விட்ட அறுவைகளையெல்லாம் வைத்தியர் துணிந்து செய்யத் தொடங்கினர். அறுவை பெருகப் பெருக அழுகும் புண்களும் பெருகின.

இளமையில் அம்மை நோயும் பின்னர் மனத்தளர்ச்சியும் வருத்த, லிஸ்ரர் சிலகாலம் படிப்பையே விட்டிருந்தார். மீண்டு வந்து 1852இல் வைத்தியப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு எடின்பரோவில் யேம்ஸ் சைம் என்னும் பெயர்பெற்ற சத்திரவைத்தியரைக் காணச் சென்றார். சில கிழமைகள் தங்குவதாகவே எண்ணம். அங்கேயே தங்கிவிட்டார்; 1856இல் சைமின் மூத்த மகளாராகிய அக்னெஸ் அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார் குவேக்கர் பிரிவினர் அல்லராதலின் லிஸ்ரர் தம் பிரிவை விட்டு விலகவேண்டியதாயிற்று. திருமணத்தின்பின் இருவரும் ஐரோப்பாவைச் சுற்றிவரப் புறப்பட்டுப் பல ஊர்களில் ஆஸ்பத்திரிகளையே பார்த்துத் திரிந்தனர். அவர்களுக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. கணவரின் ஆராய்ச்சிக் குறிப்பேடுகளிற் பெரும்பகுதி மனைவியாரின் கையெழுத்தில் உள்ளது. லிஸ்ரரின் புகழைப் பேசுவோர் இவ்வம்மையாரை ஒரு வரியிற் கூறிக் கடந்துவிடுவது எனக்கு உடன்பாடன்று.

1860இல் லிஸ்ரர் கிளாஸ்கோ சர்வகலாசாலையிற் சத்திரவைத்தியப் பேராசிரியராயினார். மறு ஆண்டில் அந்நகரத்து றோயல் ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்கும் உரிமையும் கிடைத்தது. கிளாஸ்கோ ஆலைகளும் இரும்பு உலைகளும் நிறைந்த நகர். யந்திரத்தில் அகப்பட்டோரும் வண்டியின்கீழ் வீழ்ந்தோரும் நாடோறும் கொண்டுவரப்பட்டனர். சத்திரசிகிச்சைக்கெனப் புதிதாய் எழுப்பப்பட்ட கட்டடத்திலேதான் லிஸ்ரரின் விடுதிகள் இருந்தன. புதிய கட்டடமாயிருந்தும் அழுகல் நோய் அங்கே குடிகொண்டிருந்தது. பின்னர் நிலத்தைத் தோண்டிப் பார்த்தபோது, 1849ஆம் ஆண்டுப் பேதிநோயில் மாண்டோரின் பெட்டிகள் அச்சுவரை ஒட்டி, மேல்மண்ணுக்குச் சில அங்குலத்தின்கீழே அடுக்கப்பட்டிருக்கக் கண்டனர்.

அழுகலுக்குக் காரணம் கெட்ட காற்று என்பதே அக்கால வைத்தியர் கொள்கை. ஆதலின் யன்னல்களைத் திறந்து வைத்தனர். கைகளைக் கழுவுவதும் ஆயுதங்களைக் கழுவுவதும் வேலை முடிந்த பின்னரே. சீழ் பிடிப்பதை நற்குறியென்று கொண்டவரும் உளர். இரத்தக் கறை படிந்து தடித்த பழைய மேற்சட்டை அனுபவத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. லிஸ்ரரும் தொடக்கத்தில் அத்தகைய சட்டையை அணிந்தவரே.

அவரை உறுத்திய வினா எளியது. எலும்பு முறிவு இரண்டிலும் ஒன்றே, நசிவு ஒன்றே, உள்ளே கசியும் இரத்தமும் ஒன்றே. தோல் மூடியிருந்தால் அழுகாத அது, தோல் திறந்தால் அழுகுவதேன்? திறந்த வழியால் உட்புகுவது யாது? காற்றுத்தான் காரணமெனின், காற்றின் எந்தப் பகுதி?

1865 அளவில், அதே சர்வகலாசாலையின் இரசாயனப் பேராசிரியராகிய தோமஸ் அன்டர்சன், பிரான்சு நாட்டு லூயி பாஸ்ரரின் ஆராய்ச்சிகளை லிஸ்ரருக்கு எடுத்துக் கூறினார். வைன் புளிப்பதும் இறைச்சி அழுகுவதும் காற்றினால் அல்ல, காற்றிலே தூசியோடு மிதந்துவரும் நுண்ணுயிர்களாலே என்பது பாஸ்ரர் காட்டிய உண்மை. கொதிக்கவைத்த சாற்றைக் கழுத்து வளைந்த கண்ணாடிக் குடுவையில் விட்டால், காற்று உட்செல்லும், தூசி வளைவிலே தங்கிவிடும், சாறு கெடாது. லிஸ்ரர் அச்சோதனைகளைத் தாமே திரும்பச் செய்து பார்த்தார். சில ஆண்டுகளின்பின் எடின்பரோவுக்கு இடம் மாறியபோது அத்தகைய குடுவைகளை எவரிடமும் ஒப்படைக்க மனமின்றி, புகையிரதத்திலே தம் மடியில் வைத்துக்கொண்டே சென்றார்.

சாற்றிலுள்ள கிருமியைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம். மனிதன் காலைக் கொதிக்கவைத்தல் இயலுமா? வேறு வழி வேண்டும். கார்லைல் என்னும் நகரிலே கழிவு நீரின் நாற்றத்தைப் போக்கக் காபோலிக் அமிலத்தைச் சேர்த்தபோது, அந்நீர் பாய்ந்த வயலில் மேய்ந்த மாடுகளின் புழுநோயும் நீங்கிற்று என்ற செய்தியை லிஸ்ரர் முன்னரே படித்திருந்தார். அன்டர்சனிடமே அப்பொருளைக் கேட்டுப் பெற்றார். கரிய நிறமும் கடும் நாற்றமும் உடைய தார் போன்றதொரு திரவம் அது. 1865 மார்ச்சில் அதனைக்கொண்டு செய்த முதல் முயற்சிகள் பலிக்கவில்லை.

அவ்வாண்டு ஓகஸ்ட் 12ஆந் திகதி 11 வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். பாரம் ஏற்றாத வண்டியொன்றின் சில்லு அவனது இடக்காலில், நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே ஏறிவிட்டது. எலும்பு முறிந்து, அதன் அருகே தோலிலே ஒன்றரை அங்குல நீளமும் முக்கால் அங்குல அகலமும் உள்ள காயம் ஏற்பட்டிருந்தது. அக்காயத்தின் வழியே செலுத்திய கம்பி முறிவைக் கடந்தும் சில அங்குலம் சென்றது.

இவ்விடத்தில் வாசகர் சற்று நிற்றல் வேண்டும். இக்கதையைக் கேட்போர் முடிவை அறிந்தே கேட்பதால், அன்று லிஸ்ரர் ஏற்ற பொறுப்பின் பாரம் தெரிவதில்லை. அக்காலத்து அனுபவம் முழுவதும் காலை வெட்டு என்றே கூறிற்று. உடனே வெட்டினாற் பிழைக்கக்கூடும். அழுகல் தொடங்கியபின் வெட்டினால் அரிது. ஆகவே காலைக் காக்க முயன்று தோற்றால், பையன் காலை மட்டுமன்றி உயிரையும் இழப்பான். கையிலிருந்ததோ அதுவரை வெற்றி காணாத ஒரு மருந்து. பாஸ்ரர் கூறியது உண்மையெனின், குடுவைக்குள் நிகழ்ந்தது கால் எலும்பிலும் நிகழ்தல் வேண்டும் என்ற துணிவு ஒன்றே துணை.

லிஸ்ரரின் பணிப்பின்படி, விடுதியிற் கடமை பார்த்த இளம் வைத்தியர் காபோலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் காயத்தின்மேல் வைத்து, பஞ்சு பரப்பிய தடித்த அட்டைகளை இருபுறமும் அணைத்துக் கட்டினார். அக்கட்டு 4 நாள் அவிழ்க்கப்படவில்லை. நான்காம் நாள் அவிழ்த்தபோது சீழும் இல்லை, அழுகல் நாற்றமும் இல்லை. மருந்தின் காரத்தால் தோல் சிவந்திருந்தது. அதுகண்டு அமிலத்தை நீரிலும், பின்னர் ஒலிவ் எண்ணெயிலும் கலந்து கடுமையைத் தணித்தனர். 6 கிழமையில் எலும்பு நன்கு பொருந்திற்று; இரண்டு நாள் கழிந்ததும் புண்ணும் முற்றாய் ஆறிற்று. பையன் இரு காலோடும் வீடு சென்றான்.

வெற்றி தொடர்ந்து வந்ததென்று எண்ணவேண்டா. அடுத்த மாதம் வந்த தொழிலாளி ஒருவரின் கால் முதலில் நன்றாகவே தேறியது. பின்னர், லிஸ்ரர் ஊரில் இல்லாத வேளையில், விடுதியில் உலாவிய அழுகல் நோய் அதனையும் பற்ற, காலை வெட்டவேண்டியதாயிற்று. லிஸ்ரர் அதனை மறைக்கவில்லை. 1867ஆம் ஆண்டு லான்செற் என்னும் வைத்தியப் பத்திரிகையிற் பகுதி பகுதியாக வெளியிட்ட கட்டுரையில் 11 திறந்த முறிவுகளின் வரலாற்றை ஒன்றொன்றாய் எழுதினார். அவருள் 9 பேர் காலும் கையும் இழவாது சுகம் பெற்றனர், ஒருவர் உறுப்பிழந்தார், ஒருவர் இறந்தார். கால் கை நீக்கிய நோயாளரின் கணக்கையும் பின்னர் வெளியிட்டார். புதிய முறைக்கு முன் 35 பேரில் 16 பேர் மாண்டனர். பின் 40 பேரில் 6 பேர் மாண்டனர். எண்கள் சிறியன என்று குறை கூறினோர் இருந்தனர். அக்குறை நியாயமானதே. ஆயினும் அந்த விடுதியில் வேலை செய்த எவருக்கும் எண் வேண்டியிருக்கவில்லை. உள்ளே நுழைந்தாலே முன்னிருந்த நாற்றம் இல்லை.

இங்கே எமது நாட்டைச் சார்ந்த ஒரு செய்தியையும் சொல்லிச் செல்ல ஆசை. மானிப்பாயிலே தமிழில் மேலைநாட்டு வைத்தியம் கற்பித்த அமெரிக்கராகிய கிறீன் வைத்தியரின் முயற்சியால் இரணவைத்தியம் என்னும் தமிழ்நூல் அச்சேறியதும் 1867ஆம் ஆண்டிலேதான். இலண்டனிலே லிஸ்ரரின் கட்டுரை வந்த அதே ஆண்டில், யாழ்ப்பாணத்து மாணவர் சத்திரவைத்தியத்தைத் தம் தாய்மொழியில் வாசித்தனர் என்பது தமிழாசிரியருக்கு மகிழ்ச்சி தருவதன்றோ!

லிஸ்ரரின் முறையை அவருடைய நாட்டவரே மெல்லத்தான் ஏற்றனர். குளோரபோமைப் பேறுகாலத்திற் பயன்படுத்திப் பெரும்புகழ் பெற்ற சிம்சன் என்பார், காபோலிக் அமிலத்தைப் பிரான்சில் லெமேர் என்பவர் முன்பே பயன்படுத்தினார், இதிற் புதுமை இல்லை என்று எதிர்த்தார். மருந்து பழையது என்பது உண்மை. லிஸ்ரர் புதிதாய்க் கண்டது மருந்தையன்று. காயத்திற்கும் வெளியுலகிற்கும் இடையே கிருமி கடவாத வேலியொன்று வேண்டும் என்னும் கொள்கையை. அதனை எதிரிகள் விளங்கவில்லை. ஆதரித்தோருட் பலரும் விளங்கவில்லை. மருந்தை மேலே பூசிவிட்டு, கழுவாத கையால் காயத்தைத் தொட்டு, பலிக்கவில்லை என்று எழுதினர். 1847இலேயே வியன்னாவில் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர் கை கழுவுவித்துத் தாய்மாரின் உயிரைக் காத்தார். அவரும் எள்ளப்பட்டவரே, 1865 ஓகஸ்டில், கிளாஸ்கோவிலே பையனின் கால் தேறிய அதே நாட்களில், அவர் மனநோயர் இல்லமொன்றில் மாண்டார். லிஸ்ரர் அவரைப்பற்றி அறிந்தது பல ஆண்டுகளின் பின்னரே.

ஜெர்மானியர் விரைந்து ஏற்றனர். ஹாலே நகரத்து வொல்க்மன் 1872 முதல் இம்முறையைக் கையாண்டு தம் விடுதியைத் திருத்தினார். 1875இல் லிஸ்ரர் அந்நாட்டில் யாத்திரை செய்தபோது ஊர்தோறும் விருந்து நடந்தது. இலண்டன் நகரமோ அசையவில்லை. 1877இல் அவர் எடின்பரோவை விட்டு இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்றார். எடின்பரோவிலே நூற்றுக்கணக்கானோர் நெருங்கியிருந்து கேட்ட விரிவுரைக்கு அங்கே சிலரே வந்தனர். அவ்வாண்டு ஒக்ரோபர் 26ஆந் திகதி அவர் செய்த சத்திரசிகிச்சை அவருடைய எல்லாச் செயல்களிலும் துணிவு மிக்கது. முழங்காற்சில்லு உடைந்த ஒருவர். மூடிய முறிவு, தோலிற் காயம் இல்லை. லிஸ்ரர் அந்த மூட்டைத் தாமே வெட்டித் திறந்து, உடைந்த இரு துண்டுகளையும் வெள்ளிக் கம்பியால் இணைத்து மூடினார். அதாவது, எந்தத் திறந்த முறிவுக்கு உலகம் அஞ்சியதோ அதனை வேண்டுமென்றே உண்டாக்கினார். நோயாளி இறந்தால் லிஸ்ரர்மீது வழக்குத் தொடரவேண்டும் என்று இலண்டன் வைத்தியர் ஒருவர் கூறியதாகச் சொல்வர். நோயாளி இறக்கவில்லை, புண் சீழின்றி ஆறிற்று. இன்று முறிந்த எலும்பைத் திறந்து தகடும் ஆணியும் கம்பியும் வைப்பது எங்கும் நடைபெறும் வேலை. அதற்குரிய வழி அன்று துலங்கிற்று.

பெரியோரின் பிழைகளையும் மாணவர் அறிதல் நன்று. 1871 முதல் லிஸ்ரர் சத்திரசிகிச்சை நடக்கும்போது காற்றிலேயே காபோலிக் நீரைத் தெளிக்கும் கருவியொன்றைப் பயன்படுத்தினார். கழுதை என்று கேலிப்பெயர் பெற்ற அக்கருவி வைத்தியரின் கைகளைப் புண்ணாக்கிற்று. கண்களை எரியச் செய்தது. கிருமிகள் காற்றிலும் பார்க்கக் கையிலும் ஆயுதத்திலுமே மிகுதியாய் வருகின்றன என்பது தெளிவானதும் அதனைக் கைவிட்டார்; 1890இல் பெர்லினிற் கூடிய வைத்திய மகாநாட்டிலே, தாம் அதனைப் பரிந்துரைத்ததற்காக நாணுவதாகப் பலர் முன்னிலையிற் கூறினார். ஆயுதங்களையும் துணிகளையும் நீராவியில் வேகவைத்துக் கிருமியை முன்னரே ஒழிக்கும் முறையை ஜெர்மானியர் வளர்த்தெடுத்தபோது, அது தம் கொள்கையின் வளர்ச்சி என்று அவர் கண்டபோதிலும், பழைய மருந்துக் கட்டை விட அவருக்கு மனம் எளிதில் வரவில்லை.

காபோலிக் அமிலத்தை இன்று எவரும் முறிந்த எலும்பின்மேல் ஊற்றுவதில்லை. அது உயிருள்ள தசையையும் கொல்லும். திறந்த முறிவோடு வருபவருக்கு இயன்றளவு விரைவில் நுண்ணுயிர்கொல்லி கொடுத்து, செத்த தசையை வெட்டி நீக்கி, மண்ணும் கல்லும் போக நிறைய உப்பு நீரால் கழுவி, எலும்பை நிலைநிறுத்துகின்றனர். சவர்க்காரக் கரைசலினும் வெறும் உப்பு நீரே நன்று என்பது இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரை ஆராய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட முடிவு. 2018இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, காலிலே கடுந் திறந்த முறிவுற்ற 460 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்குக் காற்றை உறிஞ்சும் புதிய கட்டும், மறு கூறினருக்குச் சாதாரண கட்டும் இட்டுப் பார்த்தது. இரு கூற்றிலும் ஏறக்குறைய நூற்றுக்கு 7 அல்லது 8 பேருக்கு ஆழ்ந்த தொற்று உண்டாயிற்று. விலைகூடிய கட்டினால் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. எலும்பிற் புகுந்த கிருமி இன்றும் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் வருத்தும். சிலருக்குக் காலை நீக்கவும் நேரிடும். கிளாஸ்கோவிலே தொடங்கிய போர் இன்னும் முடியவில்லை.

லிஸ்ரரின் பிற்காலத்தில் பட்டங்கள் குவிந்தன. 1883இற் கோமான் பட்டமும் 1897இற் பிரபுப் பட்டமும் பெற்றார். 1895 முதல் 1900 வரை, தந்தையார் அங்கத்தவராயிருந்த றோயல் சங்கத்துக்குத் தலைவராயிருந்தார். அவற்றினும் எனக்குப் பெரிதாய்த் தோன்றுவது 1892 டிசெம்பர் 27ஆந் திகதி பாரிஸ் நகரிற் சோர்போன் மண்டபத்தில் நிகழ்ந்தது. பாஸ்ரரின் எழுபதாம் ஆண்டு விழா. நோயால் தளர்ந்து பிறர் கைத்தாங்கலில் வந்திருந்த பாஸ்ரர், லிஸ்ரர் வாழ்த்துரை கூறி முடித்ததும் எழுந்து வந்து அவரைத் தழுவிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு இளவேனிலில், இத்தாலியில் ஓய்வுக்காகத் தங்கியிருந்தபோது அக்னெஸ் அம்மையார் திடீரென நோயுற்றுச் சில நாளில் மறைந்தார். முப்பத்தேழு ஆண்டு இல்லறம். குறிப்பேட்டில் எழுதும் கை நின்றுவிட்டது. அதன்பின் லிஸ்ரர் நோயாளரைப் பார்க்கும் தொழிலையும் ஏறக்குறைய விட்டுவிட்டார்.

1912ஆம் ஆண்டு பெப்ருவரி 10ஆந் திகதி, வால்மர் என்னும் கடற்கரையூரில் அவர் காலமாயினார். வெஸ்ற்மின்ஸ்ரர் பேராலயத்திலே ஆராதனை நடந்தது. அரசரும் புலவரும் துயிலும் அவ்வாலயத்தில் அவருக்கும் இடம் கிடைத்திருக்கும். அவர் அதனை விரும்பவில்லை. தாம் எழுதி வைத்தபடி, வெஸ்ற் ஹம்ஸ்ரெட் மயானத்தில் அக்னெஸ் அம்மையாரின் பக்கத்திலே அடக்கம் செய்யப்பட்டார்.